டப்பாவில் 550, திரையில் 270: விசிறி இல்லாத ரக்கட் லேப்டாப்பில் எஸ்எஸ்டி வேகம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மேலூர் பக்கம் கல்குவாரிகளில் ட்ரோன் சர்வே செய்யும் தம்பி ஒருவர் தன் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்து சொன்ன புகார் இது: "அண்ணே, எஸ்எஸ்டி டப்பாவுல 550னு போட்டிருக்கு. டெஸ்ட் போட்டா 270தான் காட்டுது. குவாரியில வச்சு கார்டைக் காப்பி பண்ணினா அதுவும் இல்ல. போகப் போக இறங்கி, நின்னே போயிடுது. டிரைவ் டூப்ளிகேட்டா இருக்குமோ?"

எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு டிரைவ். 550, 270 எல்லாம் அது நொடிக்கு எத்தனை மெகாபைட் படிக்கிறது, எழுதுகிறது என்ற கணக்கு. டிரைவ் அசல்தான். ஆனால் அவர் சொன்னதில் இரண்டு புகார்கள் கலந்திருந்தன. மேசைமேல் வைத்துச் சோதித்தால் 270-ஐத் தாண்டாதது ஒன்று. வெளியில் வேலை செய்யும்போது வேகம் சரிந்து நின்றுபோவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதல் புகாருக்கு மருந்தே தேவையில்லை என்பது என் முடிவு. ஏன் அப்படி என்பதையும், இரண்டாவதை எப்படிப் பிரித்துப் பார்த்தோம் என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே மாதிரி மெஷினில் புது எஸ்எஸ்டி போட்டுவிட்டு ஏமாந்துபோனதாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஏமாறவே இல்லை.

மெஷின் எப்படிப்பட்டது

மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலி போட்ட, 2012 காலத்து ரக்கட் லேப்டாப், அதாவது அடியும் தூசியும் தாங்கும்படி செய்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு நிறுவனம் பயன்படுத்திவிட்டுக் கழித்து, செகண்ட் ஹேண்டாக இங்கே வந்தது. மக்னீசியம் கலவை உடம்பு, ரப்பர் மூடி போட்ட போர்ட்டுகள், தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. உள்ளே விசிறி கிடையாது. விசிறி வைத்தால் காற்று போய்வர ஓட்டை வேண்டும்; ஓட்டை வைத்தால் கிரஷர் தூசி முழுக்க உள்ளே போகும். அதனால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, செயலியின் சூட்டை ஒரு வெப்பக்குழாய் வழியாக உலோக உடம்புக்குக் கடத்திவிடுகிறார்கள். சூட்டை வெளியேற்றும் வேலை முழுவதும் அந்த உடம்பின் மேற்பரப்புக்குத்தான்.

எஸ்எஸ்டி இருக்கும் இடமும் அதே அடைபட்ட உடம்புக்குள்தான். பக்கவாட்டில் ஒரு கதவு, அதைத் திறந்தால் இழுத்து எடுக்கும் கேடி (டிரைவை வைக்கும் சின்னப் பெட்டி). கேடிக்குள் டிரைவைச் சுற்றி மெத்தென்ற ஃபோம். கேடியிலிருந்து மதர்போர்டு பக்கம் போவது மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள். இந்த அமைப்பு முழுவதும் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்காகச் செய்தது. தட்டு சுழலும்போது மெஷின் கீழே விழுந்தால் தலைமுனை தட்டில் மோதாமல் இருக்க ஃபோமும் வளையும் கேபிளும் தேவைப்பட்டன. எஸ்எஸ்டிக்கு இரண்டும் தேவையில்லை. பழைய வீட்டில் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஃபோமும் ஃபிளெக்ஸும் பின்னால் மறுபடி வரும்.

இந்த வகை மெஷின்களின் விளம்பரத்தில் மில் ஸ்டாண்டர்டு 810 என்ற பெயர் கட்டாயம் இருக்கும். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு அது. 2008-ல் ஜி பதிப்பும் 2019-ல் எச் பதிப்பும் வந்தன. அதிர்ச்சி, அதிர்வு, தூசி, மழை, உயர் வெப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சோதனை உண்டு. அந்தச் சூட்டில் மெஷின் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, டிரைவ் எத்தனை மெகாபைட் வேகத்தில் எழுதியது என்று அந்த முத்திரை உங்களுக்குச் சொல்லாது. சோதித்த சூட்டில் மெஷின் உயிரோடு இருக்கும் என்பதுவரைதான் வாக்குறுதி. இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் பாதி ஏமாற்றம் குறையும்.

270 எங்கிருந்து வந்தது

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற கட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கும். இந்த மெஷினில் சாட்டா/300, சாட்டா/600 என்று இருந்தது. சாட்டா என்பது டிரைவை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பு. இடதுபக்கம் இருப்பது இப்போது ஓடும் இணைப்பு வேகம், வலதுபக்கம் இருப்பது டிரைவால் முடிந்த வேகம். டிரைவ் 6 கிகாபிட்டுக்குத் தயார். ஆனால் இணைப்பு 3 கிகாபிட்டில் கைகுலுக்கியிருக்கிறது, அதாவது இரு பக்கமும் அந்த வேகத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கின்றன.

கணக்கு எளிது. சாட்டா இணைப்பில் ஒவ்வொரு 8 பிட் தகவலும் 10 பிட்டாக அனுப்பப்படுகிறது. ஆக 3 கிகாபிட் என்றால் நொடிக்கு 300 மெகாபைட். அதில் கட்டளைகளுக்கும் உறுதிப்படுத்தல்களுக்கும் போனது போக, கைக்குக் கிடைப்பது 260-லிருந்து 280 வரை. இந்த இணைப்பில் எந்தக் கம்பெனியின் எஸ்எஸ்டியைப் போட்டாலும் இந்த எண்தான் வரும். 6 கிகாபிட்டில் ஓடினால் 550 வரும், 1.5 கிகாபிட்டில் ஓடினால் 130, 140-ல் நிற்கும். பெஞ்ச்மார்க்கில், அதாவது வேகச் சோதனையில், 270 வருகிறது என்றால் டிரைவ் அந்த இணைப்பை முழுமையாக நிரப்புகிறது என்று அர்த்தம். குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

சரி, மதர்போர்டில் டிரைவ் போர்ட்டுகளைக் கவனிக்கும் சிப்செட்டால் 6 கிகாபிட் முடியாதா? முடியும். இன்டெலின் 6-ஆம், 7-ஆம் வரிசை சிப்செட்டுகளில் ஆறு சாட்டா போர்ட்டுகள் வரை உண்டு. அவற்றில் முதல் இரண்டு மட்டும் 6 கிகாபிட், மற்ற நான்கும் 3 கிகாபிட். டிரைவ் வைக்கும் இடத்தை எந்தப் போர்ட்டில் இணைப்பது என்பதும், வேகமான போர்ட்டில் இணைத்துவிட்டு பயாஸில் (மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) வேகத்தைப் பூட்டுவதும் லேப்டாப் தயாரிப்பாளரின் முடிவு. இந்த இடத்தில் ஒரு பழைய விவகாரத்தையும் ஒதுக்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல், 6-ஆம் வரிசை சிப்செட்டின் 3 கிகாபிட் போர்ட்டுகள் நாளாக நாளாகப் பலவீனமாகலாம் என்று அறிவித்து, திருத்திய சிப்பை வெளியிட்டது. அந்தக் காலத்து மெஷினில் டிரைவ் மெதுவாகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகிப்பது நியாயம்தான். நம் மெஷின் அடுத்த வரிசை என்பதால் இந்தக் கதை இதற்குப் பொருந்தாது.

தயாரிப்பாளர்கள் வேகத்தைப் பூட்டுவது புதிதும் அல்ல. 2007-ல் வந்த திங்க்பேட் டி61-ல் சிப்செட் 3 கிகாபிட்டுக்குத் தயாராக இருந்தும் பயாஸ் அதை 1.5-ல் நிறுத்தியிருந்தது, ஆர்வலர்கள் பயாஸையே மாற்றி எழுதி அதைத் திறந்தார்கள். தம்பியும் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "நம்மளும் அப்படித் தொறந்துடலாமாண்ணே?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். காரணம் அந்த ஃபிளெக்ஸ் கேபிள். 6 கிகாபிட் சமிக்ஞைக்கு வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பானும் ஒவ்வொரு வளைவும் பொருட்டு. இழுத்து எடுத்துச் செருகும் கேடி, நடுவில் ஒரு கூடுதல் இணைப்பான், வண்டியில் அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்த தொடுமுனைகள் என்று இருக்கும் பாதையில் 3 கிகாபிட் தாராளமாகப் போகும். 6 கிகாபிட் தள்ளாடும். வேலை மேசையில் 550 காட்டிவிட்டு, ஜீப்பில் ஏறியதும் பிழை அடிக்கும் மெஷின் யாருக்கும் உதவாது. 3-ல் பூட்டியவர்களிடம் இதே காரணம்தான் இருந்திருக்குமா என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இன்னொன்றையும் அவருக்குக் காட்டினேன். அவர் இந்த மெஷினில் செய்யும் வேலைக்கு 550 எங்கே பயன்படும்? ட்ரோனிலிருந்து எடுக்கும் யுஎச்எஸ்-1 வகை மெமரி கார்டின் பாதையே நொடிக்கு 104 மெகாபைட்டுக்கு மேல் போகாது. நடைமுறையில் 80, 90. அதுவும் நல்ல கார்டு ரீடரை யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால். யுஎஸ்பி 2-ல் செருகினால் 35, 40 தான். விண்டோஸ் திறப்பது, மென்பொருள் திறப்பது எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடி எடுக்கும் வேலை. அதில் சாட்டா எஸ்எஸ்டி ஒவ்வொன்றாகப் படிக்கும்போது 30 மெகாபைட் அளவில்தான் தருகிறது, இணைப்பு 3 ஆனாலும் 6 ஆனாலும். ஹார்ட் டிஸ்க் அதே வேலையில் 1 மெகாபைட்டைக்கூட எட்டாது என்பதால்தான் எஸ்எஸ்டி போட்டவுடன் மெஷின் பறப்பதுபோலத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான படங்களைத் தைத்துக் கன அளவு கணக்கிடும் கனமான வேலையை அவர் ஆபீஸில் உள்ள டெஸ்க்டாப்பில்தான் செய்கிறார். ஆக, 270 என்ற எல்லை அவர் வேலையை எங்கேயும் தொடவே இல்லை.

குவாரியில் நடப்பது

அப்புறம் உண்மையான பிரச்சினைக்கு வந்தோம். கார்டு 85-ல் தருகிறது, டிரைவ் 270 வரை வாங்கிக்கொள்ளும். பிறகு ஏன் குவாரியில் காப்பி நொடிக்கு 15 மெகாபைட்டுக்கு இறங்கி, நின்றும் போக வேண்டும்?

இப்படிப்பட்ட மெஷினில் வேகம் குறைவது நான்கு விதமாக வரும், நான்குக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. முதல் நொடியிலிருந்தே ஒரே எண்ணில் நின்றால் அது இணைப்பின் எல்லை. குறிப்பிட்ட அளவு கிகாபைட் எழுதியதும் சட்டென்று விழுந்தால் அது டிரைவின் கேஷ், அதாவது வேகமாக எழுத ஒதுக்கிய இடம், தீர்ந்தது. சில நிமிடங்கள் போனபின் மெல்ல இறங்கி, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் ஏறினால் அது சூடு. போகிற போக்கில் அப்படியே உறைந்து நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்தால் அது இணைப்பில் பிழை. வழக்கமான பெஞ்ச்மார்க் மென்பொருள் 1 கிகாபைட் அளவில் எழுதிப் பார்த்து முடித்துவிடும். அதனால் முதல் வகையை மட்டும் காட்டும், மற்ற மூன்றையும் மறைத்துவிடும். தம்பி எத்தனை முறை சோதித்தாலும் 270 என்றே வந்ததற்கு இதுதான் காரணம்.

எனவே ஏசி அறையில் வைத்து, அவர் கொண்டுவந்த பழைய படங்களையே ஒரே தொடராக எழுதவிட்டோம். இருபது சொச்சம் கிகாபைட் வரை ஒழுங்காகப் போனது. பிறகு 40 மெகாபைட் அளவுக்கு விழுந்து அங்கேயே நின்றது. மெஷினைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. ஆக இதில் சூட்டுக்கு வேலையில்லை, கேஷ்தான்.

விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் ஒரு செல்லில் மூன்று அல்லது நான்கு பிட் எழுதுகிறார்கள். அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதனால் ஒரு பகுதியை மட்டும் செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் வேகமாக எழுத ஒதுக்கி, ஓய்வு கிடைக்கும்போது அதை உள்ளே மாற்றி அடுக்கிக்கொள்கிறது டிரைவ். டப்பாவில் போடுவது இந்த ஒதுக்கிய பகுதியின் வேகம். அது நிரம்பியபின் வருவதுதான் சொந்த வேகம். இதை ஒளிக்காமல் சொல்கிற தரவுத்தாள்களும் உண்டு. சாம்சங்கின் 870 க்யூவிஓ 1 டெராபைட் டிரைவுக்கு, 42 கிகாபைட் கேஷ் நிரம்பியபின் தொடர் எழுத்து வேகம் 80 மெகாபைட் என்று அந்தக் கம்பெனியே எழுதியிருக்கிறது. கொள்ளளவு பெரிதானால் அந்த எண்ணும் இரட்டிப்பாகிறது, ஒரே நேரத்தில் எழுத அதிகச் சிப்புகள் கிடைப்பதால். நம் தம்பியிடம் இருந்தது அதைவிடச் சின்ன, டிராம் என்ற உள் நினைவகம் இல்லாத, மலிவான டிரைவ். டிரைவ் பாதிக்குமேல் நிரம்பியும் இருந்தது; நிரம்ப நிரம்ப இந்த ஒதுக்கிடமும் சுருங்கும்.

சரி, 40-க்குக் காரணம் கிடைத்தது. 15-க்கும் உறைந்து நிற்பதற்கும் இன்னும் கிடைக்கவில்லை. அதற்குக் குவாரிக்கே போக வேண்டியிருந்தது.

வெயிலின் கணக்கு

மதுரை வட்டாரத்தில் ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கும். தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெப்பம் ஏறத்தாழ 1,000 வாட். லேப்டாப்பின் அடிப்பகுதி 30 சென்டிமீட்டருக்கு 27 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.08 சதுர மீட்டர். அதாவது கீபோர்டு பக்கத்தில் மட்டும் 80 வாட் விழுகிறது. அதில் பாதியை உடம்பு உறிஞ்சினாலும் 40 வாட். உள்ளே இருக்கும் செயலியே 35 வாட் ரகம்தான், அதுவும் முழு வேகத்தில் ஓடினால். படம் காப்பி செய்யும்போது அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். திறந்த வெயிலில் இந்த மெஷினைச் சூடாக்குவது பெரும்பாலும் சூரியன்தான், மெஷினே இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை யாரும் இதை நம்புவதில்லை.

விசிறி உள்ள லேப்டாப் வெளியே உள்ள காற்றை இழுத்து உள்ளுறுப்புகள்மேல் ஓடவிடுகிறது. விசிறி இல்லாததில் எல்லாமே உடம்பின் சூட்டுக்குக் கட்டுப்பட்டவை. நீண்ட நேரம் எழுதிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்டியின் சூடு, உடம்பின் சூட்டுக்குமேல் தன் சொந்தச் சூட்டையும் சேர்த்த அளவுக்குப் போகும். உடம்பு 55 டிகிரியில் இருந்தால் டிரைவ் அதற்குக் கீழே வரவே முடியாது.

அதற்குமேல் எவ்வளவு ஏறும்? இங்கேதான் ஃபோம் வருகிறது. இரண்டரை அங்குல டிரைவின் ஒரு முகம் 10 சென்டிமீட்டருக்கு 7 சென்டிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் ஃபோம் அதை மூடினால், ஃபோமின் வெப்பக் கடத்துதிறனை வழக்கமான 0.04 என்று எடுத்துக்கொண்டால், ஒரு வாட் வெளியேற 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தேவைப்படுகிறது. இரண்டு முகங்களையும் சேர்த்தால் வாட்டுக்கு 5 டிகிரி. எழுதும்போது சாட்டா எஸ்எஸ்டி 3 வாட் எடுத்தால் 15 டிகிரி. 55-ம் 15-ம் 70. சாதாரண எஸ்எஸ்டிகளின் இயக்க வரம்பு 0-லிருந்து 70 டிகிரி வரை என்றுதான் தரவுத்தாளில் இருக்கும். டிரைவ் சரியாக அந்த விளிம்பில் போய் நிற்கிறது. அந்த இடத்தில் டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது.

அதே இடத்தில் ஃபோமுக்குப் பதிலாக வெப்பம் கடத்தும் பேட் வைத்தால்? கடத்துதிறன் 3 என்று போட்ட சாதாரண பேடே ஃபோமைவிட 75 மடங்கு கடத்தும். முகத்தில் பாதிப் பரப்பை மட்டும் மூடினாலும் 3 வாட்டுக்கு ஒரு டிகிரி போதும். ஆக, கிட்டத்தட்ட 14 டிகிரியை ஒரு சின்னத் துண்டு பேடு மீட்டுத் தருகிறது, டிரைவின் சொந்தக் கூடு உலோகமாக இருந்து உள்ளே கன்ட்ரோலர் சிப் அந்தக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால். தம்பியின் டிரைவைத் திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் கூடு, உள்ளே கால்வாசி இடத்தில் ஒரு சின்ன போர்டு, சுற்றிலும் வெறும் காற்று. ஃபோமுக்குள் இன்னொரு போர்வை.

"சூடு எப்பவும் 40தான் காட்டுதேண்ணே" என்றார். காட்டியது உண்மை. காலையிலும் 40, நண்பகலிலும் 40, காப்பி ஓடும்போதும் 40. சில மலிவு டிரைவ்களில் வெப்ப உணரி கிடையாது. மென்பொருள் கேட்டால் ஒரு நிலையான எண்ணைச் சொல்லிவிடும். எந்த நேரத்திலும் அசையாத வெப்ப எண்ணை நம்பாதீர்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு வேறு விதமாகப் பார்த்தோம்: ஒரே அளவு படங்களை, காலையில் தகரக் கொட்டகை நிழலில் ஒருமுறையும் நண்பகல் வெயிலில் ஒருமுறையும் எழுதினோம். நிழலில் ஏசி அறையைப் போலவே 40 வரை விழுந்து நின்றது. வெயிலில் அதற்கும் கீழே சரிந்தது. காப்பியை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்தால் மீண்டது. கேஷ் தீர்ந்த டிரைவ்மேல் சூடும் ஏறி உட்கார்ந்ததுதான் அந்த 15.

உறைந்து நிற்பது

இது மூன்றாவது காரணம், மூன்றிலும் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணோடு எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. டிரைவிலிருந்து பதில் வராததால் இணைப்பை ரீசெட் செய்தேன் என்று விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. ஒவ்வொரு ரீசெட்டுக்கும் முன்னால் காத்திருக்கும் நேரம் உண்டு. பயனருக்கு அது மெஷின் அரை நிமிடம் உறைந்ததாகத் தெரியும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 என்ற வரி, அதாவது இணைப்பில் நடந்த சிஆர்சி பிழைகளின் (வழியில் தகவல் கெட்டதாகச் சரிபார்ப்பில் தெரிந்த தடவைகளின்) எண்ணிக்கை, ஒவ்வொரு களப் பயணத்துக்கும் பிறகு ஏறியிருந்தது. ஒருமுறை குவாரியில் வைத்தே பார்த்தபோது டிரான்ஸ்ஃபர் மோட் சாட்டா/150 என்று இறங்கியிருந்தது. ரீசெட் ஆகும்போது இரு பக்கமும் மறுபடி கைகுலுக்கும்; உயர்ந்த வேகம் நிலைக்காவிட்டால் அடுத்த தாழ்ந்த வேகத்துக்கு வந்துவிடும்.

சி7 பற்றி இரண்டு விஷயம். அந்த எண்ணிக்கை டிரைவின் ஆயுள் முழுவதும் குறையாது, பூஜ்யமாகவும் ஆகாது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. அடுத்தது, அது ஏறினால் டிரைவின் உள்ளே கோளாறு என்று அர்த்தமில்லை. பாதையில் கெட்டுப்போன தகவலைச் சாட்டா கண்டுபிடித்து மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறது என்றே அர்த்தம். படங்கள் கெடவில்லை, நேரம்தான் போனது. ஆனால் அந்த நிலையில் ஒரு டிரைவ் நடுவழியில் மறைந்துபோனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு போகும். குவாரியில் வெடி வைத்த பிறகு முந்தைய நாளின் நிலப்பரப்பைத் திரும்பப் பறந்து எடுக்க முடியாது. தம்பியின் சம்பளமே அந்தப் படங்கள்தான்.

ஃபிளெக்ஸ் கேபிளைக் கழற்றிப் பார்த்ததில் கேடி செருகும் முனையில் நுண்ணிய கல்தூசியும், தங்கப் பூச்சில் தேய்மானத் தடமும் இருந்தன. அதிர்வில் தொடுமுனைகள் மைக்ரான் அளவில் உரசி உரசி இப்படி ஆகும். கதவின் ரப்பர் சீல் ஒரு மூலையில் கிழிந்திருந்ததுதான் தூசிக்கு வழி. தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே போகாது என்று சொல்லும் ஐபி65, சீல் புதிதாக இருக்கும்போது தந்த சான்று. பத்து வருடம் கழித்து அந்த எண்ணை யாரும் புதுப்பித்துத் தருவதில்லை.

செய்த மாற்றங்கள்

ஃபிளெக்ஸை வேறொரு கழித்த மெஷினிலிருந்து எடுத்த நல்லதாக மாற்றினோம், சீலையும் மாற்றினோம். பயாஸைத் தொடவில்லை, 3 கிகாபிட் அப்படியே இருக்கிறது. டிரைவை மாற்றினோம்: செல்லுக்கு மூன்று பிட், டிராம் உண்டு, அலுமினியக் கூடு, முந்தையதைவிட இரண்டு மடங்கு கொள்ளளவு. டப்பாவில் இதற்கும் ஏறக்குறைய அதே 550 தான். இரண்டு டிரைவ்களுக்கும் விலையில் இருந்த வித்தியாசம் டப்பாவின் முன்பக்கத்தில் எங்கேயும் தெரியாது. மைனஸ் 40-லிருந்து 85 டிகிரி வரை தாங்கும் தொழில்துறை ரக டிரைவ்களும் கிடைக்கின்றன. விலை பல மடங்கு. சூட்டைக் கடத்திவிட முடிந்தால் இந்த வேலைக்கு அது அவசியமில்லை என்று நினைத்தேன். நிறுத்திய வண்டிக்குள் நாள் முழுக்க மெஷினைப் பூட்டி வைக்கிறவர் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஃபோமை எடுத்துவிட்டு, டிரைவின் கூட்டுக்கும் கேடியின் உலோகத்துக்கும் நடுவில் வெப்ப பேட் வைத்தோம். தடிமன் சரியாக இருக்க வேண்டும்; அதிகமானால் கேடி மூடும்போது டிரைவை அழுத்தி இணைப்பானை வளைத்துவிடும். இதில் ஒரு விலை உண்டு: உள்ளே இருந்த சூடு இப்போது உடம்புக்கு வருகிறது, அந்தப் பக்கம் கை வைத்தால் முன்பைவிடச் சூடாக இருக்கிறது. மேக்புக் ஏரில் விசிறி இல்லாத எம்1 மாடலுக்குச் செயலிமேல் பேட் வைத்து அடித்தகட்டோடு ஒட்டியவர்களுக்கும் இதுதான் நடந்தது. வேகம் கூடியது, மடி சுட்டது.

பவர் அமைப்பில் செயலியின் உச்ச அளவை 99 சதவீதம் என்று வைத்தோம். அப்படி வைத்தால், செயலி தற்காலிகமாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ அணைந்துவிடும். காப்பி செய்வதற்கு டர்போ தேவையில்லை, அது உண்டாக்கும் சூடு எஸ்எஸ்டிக்கும் வேண்டாம்.

கடைசியாகக் குடை. பெரிய தோட்டக் குடை ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பேடு மீட்பது 14 டிகிரி என்றால், 40 வாட்டை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது குடை. அவர் அதைத்தான் கடைசியாகச் செய்தார்; பலன் அதில்தான் பளிச்சென்று தெரிந்தது.

இப்போது நண்பகலிலும், முழுக் கார்டும் காலியாகும்வரை காப்பி கார்டின் வேகத்திலேயே போகிறது. சி7 ஏறவில்லை. 129 எச்சரிக்கை வரவில்லை. பெஞ்ச்மார்க் இன்றும் 270 தான் காட்டுகிறது. மிச்சமான நேரத்தில் ஒவ்வொரு கார்டையும் இரண்டாவது டிரைவுக்கும் ஒரு பிரதி எடுத்து, இரண்டு பிரதிகளின் ஹாஷ் எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகே கார்டை அழிக்கிறார்.

அடுத்த மெஷின்

தம்பி இப்போது விசிறி இல்லாத புது ரக்கட் மாடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதில் என்விஎம்இ டிரைவ்; சாட்டாவுக்குப் பதிலாக பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி. மூன்றாம் தலைமுறை பிசிஐஇ-யின் நான்கு பாதைகள் சேர்ந்தால் நொடிக்கு 3,900 மெகாபைட் அளவுக்குப் போகும். 3,500 என்று டப்பாவில் போட்டிருக்கிறது. இணைப்பின் எல்லை இவ்வளவு உயர்ந்துவிட்டால், முதலில் இடிப்பது சூடுதான். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவில் வரும் இப்படிப்பட்ட வேகமான டிரைவ் முழு எழுத்தில் 6, 8 வாட் எடுக்கும்; சாட்டா டிரைவைவிட இரண்டு மடங்குக்கு மேல். அளவில் விரல் நீளம்தான். பழைய மெஷினில் 3 வாட்டுக்கே பட்ட பாடு தெரியும்.

நல்ல விஷயம் என்னவென்றால், என்விஎம்இ டிரைவ்களில் இதைக் கையாளக் கருவி இருக்கிறது. டிரைவ் தன் பவர் நிலைகளை வாட் கணக்கில் பட்டியலிட்டுச் சொல்லும். முதல் நிலையில் ஓடாதே, இரண்டாவதில் ஓடு என்று கட்டளையிட முடியும். 2017-ல் வந்த என்விஎம்இ 1.3 பதிப்பிலிருந்து, எந்த வெப்பத்தில் மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று மெஷினே டிரைவுக்குச் சொல்லும் வசதியும் வந்தது, டிரைவ் அதை ஏற்றால். எச்சரிக்கை வெப்பத்துக்குமேல் மொத்தம் எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் டிரைவ் தன் குறிப்பில் சேர்த்துக்கொண்டே வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அந்த ஒரு வரியைப் பாருங்கள். பழைய சொந்தக்காரர் மெஷினை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

கொள்ளளவையும் குறைத்து வாங்காதே என்றேன். 2022-ல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 கிகாபைட் மாடலில் ஒரே ஒரு ஃபிளாஷ் சிப் இருந்ததால், அதன் வாசிப்பு வேகம் முந்தைய எம்1 மாடலில் ஏறக்குறைய பாதியாகப் போனது. 2024-ன் எம்3 மாடலில் மறுபடி இரண்டு சிப் வைத்தார்கள். மெஷின் புதிது, எண் பெரிது என்பதால் உள்ளே சிப் அதிகம் என்று ஆகிவிடாது.

விற்பவர் டெமோ மெஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லி அனுப்பினேன்: டிரைவின் பாதிக் கொள்ளளவை ஒரே தொடராக எழுதவிட வேண்டும், கடை ஏசியில் வேண்டாம், வெளியில் நிழலில் வைத்து. முதல் 10 கிகாபைட்டின் வேகம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, கடைசி 10 கிகாபைட்டின் வேகத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். அது 100-க்கு மேல் இருந்தால் அவர் கார்டுக்குப் போதும்.